நம்பிராஜனுக்குக் கட்டிய பரிவட்டம்

வெளியூர்க்காரனை வாழவைப்பதில் எங்கள் ஊரை அடிக்க ஆள் கிடையாது. தென்காசி ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த நம்பிராஜனுக்கு, ஐம்பத்தெட்டில் சர்க்கார் எங்கள் குளத்துக்குக் கீழே ஓர் ஏக்கர் கொடுத்தது. கல்லும் கள்ளியும். ஏர் பிடிக்கத் தெரியாத பயல். பண்ணையார் வேல்சாமி அண்ணாச்சிதான் மாடு கொடுத்தார், விதைநெல் கொடுத்தார், நாற்றுப் பாவக் கற்றுக்கொடுத்தார். அவனும் பெண்டாட்டி குழல்வாய்மொழியும் கல் பொறுக்கியே கையைப் புண்ணாக்கிக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம் கார் நெல் கதிர் தள்ளியது. அடுத்த வயல் அண்ணாச்சியுடையது.

அந்த ஆடியில் சாரல் ஏமாற்றிவிட்டது. குற்றாலத்திலேயே தண்ணீர் நூலாக ஒழுகியது. குளத்துத் தண்ணீரை முறைவைத்து விட்டார்கள். முறை வரும்போது வயல்காரன் மடையில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்கு. அது ஊர்க்கட்டுப்பாடு. கதிர் பால்பிடிக்க வேண்டிய கடைசித் தண்ணீர் முறை நம்பிராஜனுக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று மத்தியானம் விழுந்தது.

காலையில் அண்ணாச்சி அவன் வீட்டுக்கே வந்தார்.

"ஏலே நம்பி, இந்த வருசம் பரிவட்ட மரியாதை உனக்குத்தாம்லே. இனி நீ நம்ம ஊர்க்காரன்."

"மத்தியானம் என் முறை அண்ணாச்சி..."

"ஊரே கோயில்ல நிக்கும்போது மடைய எவம்லே தொறப்பான்?"

நம்பிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே ஏங்கிக்கிடந்தான்!

உச்சிவேளையில் தலையில் பரிவட்டத்தோடு அம்மன் முன்னால் நின்றான். மடைக்காரன் இசக்கிப்பாண்டி நேரம் தவறாமல் மடையைத் திறந்தான். சந்தேகப்பட்டு மண்வெட்டியோடு வந்து நின்ற குழல்வாய்மொழியைப் பார்த்து, "பொம்பள நின்னா முறை செல்லாது தாயி" என்றபடி அண்ணாச்சி வயலுக்கு வெட்டிவிட்டான்.

அவள் கோயிலுக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க, நம்ம தண்ணி போவுது! வாங்க!"

பரிவட்டம் கட்டியவன் பாதிப் பூஜையில் இறங்கினால் ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள். அவன் அவளைப் பார்த்தான். சுற்றி நின்ற எங்களையும் பார்த்தான்.

"கத்தாத. ஊரு பாக்குது" என்றான், பாவி.

கதிர் முழுதும் பதராய்ப் போயிற்று. விதைநெல் கொடுத்த அண்ணாச்சியே அந்தக் கடனுக்கு நிலத்தையும் எடுத்துக்கொண்டார். பிறந்த வீட்டுக்குப் போன குழல்வாய்மொழி திரும்பவில்லை. நம்பிராஜன் அதே வயலில் அண்ணாச்சிக்குக் கூலியாள்.

போன மாசம் கடையத்திலிருந்து புதுசாக ஒரு ஜோடி வந்து இறங்கியது. பக்கத்துக் கல்லாங்காடு அவர்களுக்கு. அண்ணாச்சி நம்பிராஜனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவனும் ஒங்களப்போல வந்தவந்தான். ஊரே பரிவட்டம் கட்டி வச்சிருக்கு. கேட்டுப் பாருங்க."

"நெசமாவா அண்ணே?" என்று அந்தப் பெண் நம்பிராஜனைக் கேட்டாள்.

"ஆமா தாயி. நல்ல ஊரு" என்றவன், பண்ணை உழவுமாடுகளை அவர்கள் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.