மூன்றாவது துளை

லியாவ் லான்யிங்கின் முத்திரை சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. எருமைக் கொம்பில் செதுக்கியது. அதைச் சிவப்பு மையில் ஒற்றி ஒரு படிவத்தின் அடியில் குத்தினால்தான், பெய்காங் ஊரில் புதுவீடு கட்டியவன் வாசலுக்கு மின் கம்பெனி ஆள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வருவான். ஊரில் உரிமத்தோடு அப்படி முத்திரை வைத்திருக்கும் மின் ஒப்பந்தக்காரர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டொருவர் அதை வாடகைக்கும் விடுவார்கள். போகாத வீட்டுக்குக் குத்துவார்கள், பார்க்காத வயருக்குச் சாட்சி சொல்வார்கள். லான்யிங் அப்படிப்பட்டவள் இல்லை. முத்திரையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். நாற்பத்தெட்டு வயதில் கழுத்தில் வேறு எதுவும் இல்லை என்று தெருக்காரிகள் கேலி பேசுவதும் அவளுக்குத் தெரியும்.

சந்திர நாட்காட்டிப்படி ஆறாம் மாதம் இருபதாம் தேதி காலையில் மின் ஒப்பந்தக்காரர் சங்கச் செயலாளர் ஜியென் அவள் கடைக்கு வந்தார். வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்தார்.

"அக்கா, போன வருஷம் உங்க பகுதியில மட்டும் பதினாலு வீடு. பதினாலும் அந்தச் சுன்லாய் கையில. உரிமம் இல்ல, காப்பீடு இல்ல, பாதி விலைக்குச் செய்றான். நாம வருஷா வருஷம் பயிற்சி வகுப்புல போய்க் குந்திட்டு வர்றது எதுக்கு, காத்து வாங்கவா?"

"சரிதான்."

"சரின்னா குத்துங்க. புகார் ரெடி, போட்டோ ரெடி. பகுதிப் பிரதிநிதியா உங்க முத்திரை ஒண்ணுதான் பாக்கி. அபராதம் விழுந்தா ஆளு ஊரையே காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

ஜியென் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் சங்கடமே. லான்யிங் போட்டோவைப் பார்த்தாள். ஏணியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பிடரி நரைத்திருக்கிறது. இடது தோள் எப்போதும்போல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முகம் தெரிந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"வச்சிட்டுப் போங்க. படிச்சுப் பார்த்துட்டுக் குத்துறேன்," என்றாள்.

சுன்லாயும் அவளும் ஒன்பது வருடம் இதே கடையில் ஒரு குழாயின் இரண்டு முனையில் வேலை செய்தவர்கள். சுவருக்குள் புதைத்த குழாயில் வயர் இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்த அறையில் நின்று சோப்புத் தண்ணீர் தடவி வயரைத் தள்ள, மற்றவர் அடுத்த அறையில் நின்று இழுக்க வேண்டும். முகம் பார்க்க முடியாது. ஒரு சுண்டு சுண்டினால் நிறுத்து, இரண்டு சுண்டினால் இழு. இது எல்லோருக்கும் உள்ள வழக்கம். மூன்று சுண்டு சுன்லாய் கண்டுபிடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, சும்மா," என்றான். அந்தச் சும்மாவுக்காகவே காலையில் எழுந்து கடைக்கு ஓடிவந்த நாட்கள் அவை.

உரிமத்துக்கான திறன் தேர்வில் செய்முறையென்றால் கூடத்திலேயே முதலில் முடித்து எழுந்து வருபவன் அவன்தான். எழுத்துத் தேர்வில்தான் மூன்று தடவை விழுந்தான். தாளைப் பார்த்தாலே எழுத்துகள் பூச்சியாய் நெளிகின்றன என்பான். மூன்றாம் தடவை துணைக்கு உட்காரலாமே என்று அவளும் எழுதினாள். அவள் தேறினாள். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. பதினெட்டு வருடமாக வரவில்லை. இத்தனைக்கும் அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்று கேட்கும் தைரியம் அவளுக்கு வந்ததில்லை.

ஜியென் வந்துபோன அதே நாள் பிற்பகல், கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. சுன்லாய் இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. படி ஏறவும் இல்லை.

"யிங்."

அவள் புகார்க் காகிதத்தை மெல்ல விலைப்பட்டியலுக்கு அடியில் தள்ளினாள். "ம்."

"அந்த விசிறி இன்னும் கத்துதா?"

"நீ மாட்டினதுதானே. உன்னை மாதிரியே. வேலை நல்லாச் செய்யும், வாயை மட்டும் மூடாது."

அவன் சிரிக்க ஆரம்பித்து, வந்த காரியம் ஞாபகம் வந்து நிறுத்தினான். "பூண்டு வியாபாரி கோ வீடு. இருபத்தாறாந்தேதி காலையில ஏழு மணிக்கு நல்ல நேரம் குறிச்சிருக்கு. கரி அடுப்பு, அரிசி, உப்பு எல்லாம் தூக்கிட்டு உள்ள போகும்போது வீட்ல ஒரு விளக்கு பாக்கியில்லாம எரியணும். அதை விட்டா ஏழாம் மாசம். பேயெல்லாம் ஊர் சுத்துற மாசத்துல எவன் புதுவீட்ல கால் வைப்பான்? மீட்டர் வரணும். முத்திரை வேணும்."

"வழக்கமா உனக்குக் குத்தித் தர்றவர் எங்க?"

"சங்கம் மிரட்டிடுச்சாம். கதவே திறக்கல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரே ஒரு குத்து, யிங்."

"வீட்டைப் பார்க்காம நான் குத்தினதில்ல."

"என் வேலையவா பார்க்கணும்?"

"உன் வேலையத்தான் பார்க்கணும்."

மறுநாள் காலை போனாள். மூன்று மாடி வீடு. மின்பலகையைத் திறந்தவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வயர்கள் சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிசையாய் நின்றன. பலகையின் மேலே, இயந்திரம் குறும்பு செய்யாமல் ஒழுங்காய் இருக்க ஊரில் எல்லோரும் வைக்கும் சோளப்பொரிப் பொட்டலம், பச்சை நிறத்தில், காலாவதி ஆகாமல் புத்தம் புதிதாய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை அந்த எட்டு உரிமக்காரர்களில் ஒருவர்கூடச் செய்யமாட்டார்கள், தன்னையும் சேர்த்துத்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டட வேலைக்காக வாங்கிய தற்காலிக மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயிண்டில் சோதனைக் கருவியைச் செருகினாள். இரண்டு துளையில் உயிர் இருந்தது. மூன்றாவது செத்துக் கிடந்தது. திருகைக் கழற்றிப் பார்த்தாள். பின்னால் இரண்டே வயர். நிலத்துக்குப் போகவேண்டிய பச்சை வயர் இல்லவே இல்லை. அடுத்த பிளக்கிலும் இல்லை. வீட்டிலிருந்த இருபத்திரண்டு பிளக்கிலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான் பாவி. பச்சைப் பொட்டலத்தை மறக்காதவன் பச்சை வயரை மறந்துவிட்டான்.

கோவின் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, மூணு ஓட்டை இருக்குதே?"

"ஓட்டை இருக்கு தாயி. ஓட்டைக்குப் பின்னால ஒண்ணுமில்ல."

பின்னால் நின்ற சுன்லாய்க்குக் காது சிவந்துவிட்டது. அந்த அம்மாள் நகரும்வரை காத்திருந்து சீறினான். "பாதி விலைக்குப் பேசினா பாதி வயர்தான். ஜனங்க ஓட்டையத்தான் எண்ணுறாங்க, வயரையா எண்ணுறாங்க? இத்தனை வருஷத்துல யாரு செத்தா, சொல்லு!"

"நாளைக்கு இவ கையில ஈரத்தோட அந்த மெஷினைத் தொடுவா. அன்னைக்கு வந்து எண்ணிக்க."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது, யிங். உரிமம் வச்சிருக்கவனெல்லாம் ஒழுங்கா?"

"இல்லதான். ஆனா நான் ஒழுங்கு. நீயும் ஒழுங்காத்தான் இருந்த."

அவன் கழற்றிய திருகை எடுத்துத் திரும்ப மாட்டினான்.

அவள் கோவிடமே நேராகப் பேசினாள். வேலை முழுதும் இனி லியாவ் கடையின் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து சோதிப்பாள். பச்சை வயர் இழுத்த பிறகுதான் முத்திரை. சுன்லாய் இந்த வேலைக்கு அவள் கடையின் கூலியாள். பூண்டு வியாபாரி முனகினார். மனைவி ஒரு பார்வை பார்த்ததும் ஒத்துக்கொண்டார். கூலியாள் என்ற சொல் சுன்லாய்க்கு முள்ளாய்க் குத்தியது தெரிந்தது. ஆனாலும் குழாய்க்குள் விட்டு வயரை இழுக்கும் எஃகு நாடாவை எடுத்தான்.

"எனக்கு மறுமுனைக்கு ஆள் இல்ல," என்றான். "தனியா வேலை செய்றவன் நான்."

"நான் இருக்கேன்ல."

மூன்று நாள் இழுத்தார்கள். ஏற்கெனவே வயர் ஓடும் குழாயில் இன்னொன்றை நுழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் தள்ள, அவன் இழுத்தான். கைகள் எதையும் மறக்கவில்லை. அவன் எந்த வளைவில் மூச்சுப் பிடிப்பான், எங்கே தளர்த்துவான் என்று அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சுண்டு, இரண்டு சுண்டு. மூன்றாவதற்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. வெட்கமில்லாமல் காத்திருந்தாள் என்றே சொல்லவேண்டும்.

கடைசிக் குழாய், மாடிப்படிக்குக் கீழே. காலிக் குழாயில் பேசினால் மறுமுனையில் காதோடு பேசுவதுபோல் கேட்கும். இதில் வயர் இருந்தாலும் கேட்டது. அவள் வாயைக் குழாய் முனையில் வைத்தாள். நேருக்கு நேர் என்றால் நாக்கு எழுந்திருக்காது.

"லாய். உன் மேல சங்கத்துல புகார் எழுதி வச்சிருக்காங்க. என் முத்திரைதான் பாக்கி."

குழாய் வழியாக அவன் குரல் வந்தது. "குத்திட வேண்டியதுதானே."

"குத்தினா நீ ஊரை விட்டுப் போயிடுவ."

"போனா உனக்குப் பதினாலு வீடு கிடைக்கும்."

"எனக்கு வீடா வேணும்?" அவள் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "நான் தேறினது உனக்குப் பொறுக்கல. அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த உரிம அட்டையைச் சாக்கடையில வீசியிருப்பேன்."



"தெரியும்," என்றான். "வீசியிருப்ப. அதனாலதான் போனேன்."

லான்யிங் சோப்புக் கையோடு படிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருடமாக அவனுடைய திமிர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தது வேறு ஏதோவாக இருந்தது. இனி யாரைத் திட்டுவது? கண்ணைத் துடைக்கப் போனால் சோப்பு எரிந்தது.

"இப்பெல்லாம் படிக்க வராதவங்களுக்குக் கேள்வியை வாசிச்சே காட்டுறாங்க," என்று குழாயிடம் சொன்னாள். "காதால கேட்டுப் பதில் சொன்னாப் போதும். உனக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

மறுமுனையில் அவன் வயரைப் பிடித்தான். இரண்டு சுண்டு வந்தது. அவள் எழுந்து வயரைத் தள்ளினாள்.

அன்று மாலை இருபத்திரண்டு பிளக்கிலும் மூன்றாவது துளைக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதித்துவிட்டு அவள் படிவத்தில் குத்தினாள். கிளம்பும்போது தேர்வு விண்ணப்பம் ஒன்றை அவன் ஸ்கூட்டர் கூடையில் வைத்துவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இருபத்தாறாந்தேதி காலை ஏழு மணிக்கு கோ வீட்டில் மூன்று மாடியும் எரிந்தது. எல்லோரும் இனிப்பு உருண்டை சாப்பிட்டார்கள். சுன்லாய் வரவில்லை.

ஏழாம் மாதம் பிறந்தது. ஜியென் தொலைபேசியில் நச்சரித்தார். "அக்கா, படிச்சீங்களா இல்லியா? நாலு வரிதான்!"

"பேய் மாசத்துல புகார் கொடுத்தாப் பீடைங்க. மாசம் முடியட்டும்."

"நீங்க எப்ப இருந்து இதையெல்லாம் நம்ப ஆரம்பிச்சீங்க?"

"இந்த வருஷத்துல இருந்து."

ஆனால் மாதம் நிற்குமா? ஊரார் பேய்களுக்குப் படையல் வைத்தார்கள், காகிதம் எரித்தார்கள். கடை வாசலில் ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் லான்யிங் தலை நிமிர்ந்தது. கூடையிலிருந்து அந்தக் காகிதம் காற்றில் பறந்திருக்கலாம். அதில் அவன் எதையாவது பொட்டலம் கட்டியிருக்கலாம். மாதக் கடைசி நாள் காலை புகாரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் போகிற அடுத்த வீட்டில் ஒரு பெண் ஈரக் கையோடு நிற்பாள். நாளைக்கு நிச்சயம் குத்தியாகவேண்டும். குத்துவாள். அதன்பிறகு இரண்டு தெரு தள்ளி யாரும் இருக்கமாட்டார்கள்.

பிற்பகலில் சுன்லாய் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான், படி ஏறினான். நான்காய் மடித்த காகிதத்தை நீட்டினான்.

"இதுல ஒரு முத்திரை வேணுமாம். வேலை பார்த்த இடத்துக்காரங்க குத்தணுமாம்."

தேர்வு விண்ணப்பம். கோணல்மாணலாய், அடித்து அடித்து எழுதியிருந்தான். 'கேள்விகளை வாசித்துக் காட்டவும்' என்ற கட்டத்தில் பேனா காகிதத்தையே கிழித்திருந்தது. அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி: லியாவ் மின்கடை, ஒன்பது வருடம். கீழே கோடு கோடாய் வெற்றிடம்.

"மீதிப் பதினெட்டு?" என்று கேட்டாள்.

"அதுல எழுதுற மாதிரி ஒண்ணும் இல்ல, யிங்."

அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். முத்திரையில் வாயால் ஆவி ஊதி, மையில் ஒற்றி, அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் குத்தினாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் மறுமுனையைப் பிடித்தான். உடனே வாங்கிக்கொள்ளவில்லை. மெதுவாகச் சுண்டினான், ஒன்று, இரண்டு, மூன்று.