ஆணி கூடாது

பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புதுச் சாமான் வைக்க வேண்டுமென்றால், பெட்டியிடம் முறையாக வீடு கேட்க வேண்டும். ஆதம்பாக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நேரே உள்ளே போய்விடுவார்கள். அப்புறம் ஏன் ஆன் ஆகவில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள். கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் யார்தான் விளக்கைப் போட்டு வா வா என்பார்கள், சொல்லுங்கள்.

தணிகைவேல் விவரம் தெரிந்தவன். வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வடிவமைத்துக் கொடுப்பவன். கம்ப்யூட்டர்தான் அவன் பிழைப்பு. அதன் தகர கேபினெட் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், புதிதாக வாங்கிய மதர்போர்டும் மற்ற சாமான்களும் கட்டிலின் மேல் ஒரு செய்தித்தாளில் படுத்துக் கிடந்தன. அவனும் அவன் மனைவி பிரமிளாவும் தரையில் படுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கட்டிலும் தரையும் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் பெரிய கவலை. ஹவுஸ் ஓனர் லோகநாதன், ஆனி மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். குற்றம் இதுதான்: தினசரி காலண்டர் மாட்டுவதற்காகப் பிரமிளா சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டாள். ஒரே ஓர் ஆணி. லோகநாதன் வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எனக்கு மனசு விட்டுப்போச்சு. நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

ஆனிக்கு அப்புறம் ஆடி. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே ஆனிக்குள் ஒரு கூரை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருதான். பார்த்த வீடெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தில் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன தணிகைவேல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அந்தக் காலத்துப் போர்ட்டபிள் கம்ப்யூட்டர் அது. பார்க்கத் தையல் மிஷின் பெட்டி போல இருந்தது. மேலே கைப்பிடி. மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் பச்சை எழுத்து வரும் திரை, பக்கத்தில் ஃப்ளாப்பி போடும் சந்து இரண்டு. உள்ளே காலி.

"நமக்கே தலைக்கு மேல கூரை இல்ல. மகராசன் மதர்போர்டுக்கு வீடு பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் பிரமிளா.

"கைப்பிடி இருக்கு பாரு. எந்த வீட்டுக்குப் போனாலும் பொழப்பக் கையோட தூக்கிட்டுப் போயிடலாம்."

"போறதுக்கு வீடு?"

அவன் பெட்டியை மேஜை மேல் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பவ்யமாக உட்கார்ந்தான். பெட்டி ஃப்ளாப்பிச் சந்து வழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"குடும்பமா, பேச்சிலரா?"

"மதர்போர்டுங்க சார்."

"அப்ப குடும்பம்தான். அந்தம்மாவோட எத்தனை பேரு?"

ரேம் மெமரி இரண்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, தொந்தரவே இருக்காது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாக வாங்கிய பெருமையில், பிராசஸர் எட்டுக் கோர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"எட்டுப் பேரா? இது வீடா, சத்திரமா?"

"இல்ல சார், எட்டும் ஒரே ஆள்தான்."

உண்மையைச் சொன்னால் தணிகைவேலுக்கே அதில் தெளிவில்லை. எட்டும் ஒன்றா, ஒன்றே எட்டா என்று அவன் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. பெட்டி அதைப் பெரிதுபடுத்தாமல் அடுத்ததற்குப் போனது. தண்ணீர் எவ்வளவு புழங்குவார்கள் என்றது. சூடு தணிக்கத் தண்ணீர் ஓடும் கூலர் ஒன்று வைத்திருந்தான். அதைக் காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் ஃபேன்தான் சார் என்றான். விருந்தாளிகள்? பென்டிரைவ் வரும், ஆனால் ராத்திரி தங்காது. சத்தம்? கண்ணீர் அஞ்சலிதான் பெரும்பாலும், அதில் என்ன சத்தம் வரப்போகிறது. கரண்ட்டுக்குத் தனி ஒயர் உண்டா? உண்டு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெட்டி சொன்னது: "ஒண்ணே ஒண்ணு. ஆனி கூடாது."

தணிகைவேலுக்குப் பகீரென்றது. நடப்பதே ஆனி. "ஆனி கூடாதுன்னா ஆடியில கூடுமா சார்?"

"ஆடியில யாராச்சும் குடிபோவாங்களா? என்ன புள்ளப்பா நீ."

"அப்ப ஆவணி?"

"ஆவணியிலயும் ஆனி கூடாது. ஐப்பசியிலயும் கூடாது. எம் வீட்டுல வருஷம் பூரா ஆனி கூடாது."

அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆவணியில் எப்படி ஆனி வரும்? எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டிப் பார்த்தான். ஆவணியில் ஆனி எங்கேயும் இல்லை. ஐப்பசியிலும் இல்லை. ஒருவேளை பெட்டியின் ஊரில் பஞ்சாங்கம் வேறோ என்னவோ என்று அங்கேயே நின்றான்.

அடுப்படியிலிருந்து பிரமிளாவின் குரல் வந்தது. "ஐயோ ராமா, அது மாசம் இல்லீங்க. செவுத்துல அடிக்கிற ஆணி." அந்தச் சொல்லை அவள் மூன்று சுழி 'ண' தெறிக்க அழுத்திச் சொன்னாள். அந்த வார்த்தையால் அவள் பட்டது கொஞ்சமா! பெட்டிக்கு அந்தச் சுழி நாக்கில் நிற்பதில்லை. சென்னையில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

அப்பாடா என்றிருந்தது தணிகைவேலுக்கு. மதர்போர்டுக்கு எதற்கு ஆணி? மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்க்ரூ போட்டால் போதும். அதைச் சொல்லவும் செய்தான்.

"ஸ்க்ரூவா? தமிழ்ல என்ன பேரு அதுக்கு?"

"திருகாணி சார்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அதுவும் ஆனிதான் என்று பெட்டி பேச்சை முடித்துக்கொண்டது. பேச என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு நாய் படாத பாடு. போர்டை இரட்டை ஒட்டு டேப்பில் ஒட்டிப் பார்த்தான். ஃபேன் சுற்றியதும் சூட்டில் இளகிச் சரிந்தது. பூ கட்டும் நாரால் கட்டிப் பார்த்தான். அடியில் தெர்மோகோல் முட்டுக் கொடுத்தான். எப்படி வைத்தாலும் அந்தம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போல ஒருபக்கமாகச் சாய்ந்தார். உள்ளே ஏற்கெனவே இருந்த ஓட்டைகளிலாவது போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அவை முன்னால் குடியிருந்தவர் போட்டவை, அவர் திரும்பி வந்தாலும் வருவார் என்று பெட்டி கையை விரித்தது. அந்த ஓட்டைகள் இந்தப் போர்டுக்குப் பொருந்தவும் இல்லை. இப்படியே ஆனி மாதம் கரைந்து, கடைசி நாளும் வந்துவிட்டது. பிரமிளா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் லோகநாதன் வந்தார். காலி செய்தாயிற்றா என்று பார்க்க வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"மதர்போர்டு" என்றாள் பிரமிளா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"தண்ணி நெறைய புழங்குவாங்களா?"

"ஒரு சொட்டு மேல பட்டாப் போயிடும்."

லோகநாதன் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "இப்படி ஒரு குடித்தனம் அமையாதான்னுதான் இத்தனை வருஷமாத் தவிச்சிட்டிருந்தேன்" என்றார். இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்தை எடுத்து, ஃபேனில் இடிக்காமல், போர்டின் மேல் பக்குவமாக வைத்தார்.

"சார், அது என் பொழப்பு சார்" என்றான் தணிகைவேல்.

"யாரு இல்லன்னா? விருந்தாளியா வாங்க, பகல்ல ஒக்காந்து வேலையப் பாருங்க. ராத்திரி மட்டும் தங்கக் கூடாது."

இதில் எங்கே மடக்கிப் பேசுவது என்று தணிகைவேலுக்குத் தெரியவில்லை. லோகநாதன் ஆணியைப் பற்றி அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரமிளாதான் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்கு எதிரே போய் நின்றாள். "சார், எங்களுக்கே குடுங்க" என்றாள்.

"குடும்பமா?"

"குடும்பம்தான். நானும் இவரும்."

"தண்ணி?"

"பாத்துப் பாத்துச் செலவு பண்ணுவேன்."

"ஆனி?"

"நாங்க எதுக்கு சார் ஆணி அடிக்கணும்? எங்களுக்கு நிக்கத் தெரியும், ஒக்காரத் தெரியும். சாஞ்சா ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்குவோம்."

பெட்டிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்பது அது செருமிய விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. "காதுல என்னம்மா?" என்றது.

பிரமிளாவின் கை தானாகக் காதுக்குப் போனது. கம்மல். கம்மலுக்குப் பின்னால் திருகாணி.

கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. எத்தனையோ கஷ்டத்திலும் அடகுக்குப் போகாதது. அவள் அழுதுவிட்டாள், வாய்விட்டே அழுதாள். தணிகைவேல் அவள் பக்கம் பார்க்க முடியாமல் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. பிறகு பிரமிளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு கம்மலையும் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டு, சாக்கு மூட்டையில் இருந்த துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துக் காதுக்கு ஒரு துண்டாகச் செருகிக்கொண்டாள். சுருக்குப்பையைக் கட்டிலில் மதர்போர்டின் பக்கத்தில் வைத்தாள். "பத்திரமாப் பாத்துக்குங்கம்மா" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே குடிபோனார்கள். பெட்டி அந்தக் காலத்துக் கட்டுமானம், அதனால் தாராளமாகவே இருந்தது, மூலையில் தண்ணீர்க் குழாய்கூட உண்டு. கால் நீட்டினால் ஃப்ளாப்பிச் சந்து இடிக்கும், அவ்வளவுதான். பிரமிளா அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியதில் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. திரை வழியாக வெளியே பார்த்தால் அவர்களுடைய பழைய அறை பச்சையாகத் தெரிந்தது. காலண்டரை மாட்ட இடம் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்திக்கு மேல் வெளியே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. இருவரும் திரையில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். லோகநாதன் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, மதர்போர்டைச் சுவரில் நேராகப் பிடித்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு ஒன்றாக, நாலு ஆணி. அடித்து முடித்துவிட்டுக் கீழே இறங்கி, "இப்ப சௌகரியமாம்மா?" என்று கேட்டார்.

"நாலு" என்றாள் பிரமிளா.

"விடு" என்றான் தணிகைவேல். அவனாலும் விட முடியவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் பிரமிளா காலண்டரில் ஆனியின் கடைசித் தாளைக் கிழித்தாள். ஆடி பிறந்திருந்தது. அதே நேரத்தில் வெளியே லோகநாதனின் குரல் கேட்டது. அவர் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். "நீங்க அவங்க சாமான்தான? நேத்தே காலி பண்ணியிருக்கணும். அந்தம்மாவுக்கு எடைஞ்சலா இருக்கு பாருங்க."

பெட்டியும் வீட்டுக்காரர்தான். வாடகைக்கு விடுகிறவருக்கு வாடகைக்கு இருப்பவரின் நிலைமை தெரியாதா என்ன. செருமிக்கொண்டது. கீபோர்டு மூடியை இழுத்துச் சாத்தியது. பிறகு தன் கைப்பிடியைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொண்டு, படியிறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது.

உள்ளே தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஆடின. பிரமிளா பால் பாத்திரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஆடி பொறந்தாச்சே! ஆடியில யாராச்சும் வீடு மாறுவாங்களா?"

தணிகைவேல் இதை நன்றாக யோசித்துப் பார்த்தான். நேற்றிலிருந்து அவனுக்கு விளங்கிய ஒரே விஷயம் இதுதான் என்று சொல்ல வேண்டும். "நாம எங்க மாறினோம்? நாம வீட்டுக்குள்ளதான இருக்கோம்" என்றான்.

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு தெரு தள்ளி ஒரு கேட் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பெட்டி நின்றது. ஆட்டமும் நின்றது.

"குடும்பமா, பேச்சிலரா?" என்றது ஒரு பெண்குரல்.

பிரமிளா தணிகைவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சிலர் என்று சொன்னால் அதோடு போயிற்று. தெருவில் ஒரு ஆட்டோ போகும் வரை இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"குடும்பம்தாங்க" என்றது பெட்டி. "சின்னக் குடும்பம்."

"தண்ணி நெறைய புழங்குவீங்களா?"

உள்ளே பிரமிளா எழுந்து போய்ச் சத்தமில்லாமல் குழாயை மூடினாள்.