பதிவின் கீழே இருந்த பெயர்

சூர்யகலாவின் முதல் பதிவு பணியாளர் வலைப்பூவில் ஏறிய திங்கட்கிழமை காலை, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பதினேழு ஆடுகள் நின்றன. அவள் அய்யலூர் ஆட்டுச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தாள். எழுதியது வந்துவிட்டது, அவ்வளவுதான். வாட்ச்மேன் மலைச்சாமி அவற்றைக் கீழே ஓட்டிக்கொண்டு போனார். ஆடுகள் மேய்ந்தது போக மிச்சமிருந்த வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் சூர்யகலா, அடுத்த மாதம் தன் ஊரான சின்னாளபட்டியில் நூலுக்குச் சாயம் போடுவதை எழுதினாள். இரண்டு நாள் குழாய்களில் தண்ணீர் சிவப்பாக வந்தது. கேன்டீன் டீ மட்டும் நிறம் மாறவில்லை.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவர் கண்காணிப்பாளர் பிராங்கிளின். வலைப்பூவுக்குப் பொறுப்பாளரே அவர்தான். பணியாளர் அனைவரும் சேர வேண்டும், மாதம் ஒரு பதிவாவது எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை தயாரித்தவரும் அவரே. பத்தொன்பது வருடம் சுற்றறிக்கை எழுதிய கை. 'காலந்தவறாமையின் அவசியம்' என்று அவர் எழுதிய பதிவுக்கு ஒரு கொசுகூட வரவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி நான்சி, சூர்யகலாவின் ஆடுகளை வாசித்துவிட்டு அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தாள். அவர் பதிவிலோ, பால் பொங்குகிறது என்று இரண்டாவது வரியிலேயே எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை என்பதை அவர் போய்ப் பார்த்தார். ஒரே ஒரு தடவை தன் எழுத்தை அவள் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும், வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆடி மாதம் சூர்யகலா, இரண்டு வருடம் முன்பு இறந்துபோன தன் அம்மா அழகம்மாளைப் பற்றி எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினாள். பிராங்கிளின் மூன்று முறை வாசித்தார். ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வரைவு எழுதுகிறவர் ஒருவர், பெயர் மேலே இருக்கிறவருடையது என்பதுதானே அலுவலக வழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கீழே தன் பெயரைப் போட்டு ஏற்றிவிட்டார். நான்சி கடைசி வரி வரை வாசித்துக் கண்ணைத் துடைத்தாள். "ஒரு மக எழுதுன மாதிரியே இருக்கு. நீங்களா எழுதுனீங்க?" என்றாள். "கற்பனைதான்" என்றார். மறுநாள் காலை அழகம்மாள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "கலா, இம்புட்டு எளச்சுப் போயிட்டியே" என்று அவருடைய வழுக்கையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். நான்சி வந்தவளுக்கு இட்லி ஊற்றினாள். பிராங்கிளினுக்கு அந்தக் கை பிடித்துப்போனது. இரண்டு நாள் விடுப்புப் போட்டார்.

மூன்றாம் நாள், பதிவின் கீழே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, சூர்யகலா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழகம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாரு கலா இந்தப் புள்ள? அழுதுக்கிட்டே நிக்குது" என்று பிராங்கிளினைக் கேட்டாள். சூர்யகலா சண்டை போடவில்லை. "சார், செத்த நேரம் அவங்க பக்கத்துல உக்காந்துட்டுப் போயிர்றேன்" என்றாள். பிராங்கிளின் குறுகிப்போனார். எண்ணெய் காதில் வழிய மடிக்கணினியைத் திறந்து, பெயரை மாற்றி, மேற்படி பதிவை எழுதியவர் தான் அல்ல என்று நாலு வரி திருத்தமும் சேர்த்தார். நான்சி பின்னால் நின்று அதைக் கடைசி வரி வரை வாசித்தாள். அழகம்மாள் அவர் தலையிலிருந்து கையை எடுத்தாள். "நீ யாருப்பா?" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "வா கலா, போவோம். சோத்துக்கு வெஞ்சனம் வைக்க நேரமாச்சு" என்று எழுந்தாள்.

சின்னாளபட்டி பஸ் வரும்வரை பிராங்கிளின் அவர்களோடு நின்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் அழகம்மாளையும் எண்ணி இரண்டு இலவசச் சீட்டு கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் அம்மா மகளின் தலையைக் கோதிவிட, பஸ் கிளம்பியது. பிராங்கிளினுக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.