செமிசி தூங்கும் சத்தம்

செமிசிக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பகலில் அவன் இருக்கும் இடம் தெரியாது. ஒரு தேங்காய் ஓட்டைக் கொடுத்தால் மத்தியானம் வரை அதோடு பேசிக்கொண்டிருப்பான். கண் அசந்தால்தான் ஆரம்பிக்கும். இருக்கிற பல்லையெல்லாம் சேர்த்துவைத்து நறநறவென்று அரைப்பான். முதல் தடவை கேட்கிறவர்கள் எலி புகுந்துவிட்டது என்று பாயை உதறுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அத்தை கலொலைனேவும் அப்படித்தான் உதறினாள். தலைநகர் நுகுவாலோஃபாவிலிருந்து ஒரு வாரத்துக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். ஜெபம் முடிந்து, மண்ணடுப்பில் வெந்ததை வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஹாபாய் தீவுகள் மொத்தமும் உறங்கப் போயிருந்த நேரம். தம்பி மனைவி லூசியானேவுக்கு அன்று மனம் லேசாக இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எலி இல்ல அண்ணி, உங்க மருமகன்தான். இவனால இந்த வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது. பேசாம நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள், அதோடு போயிருக்கும். கணவனின் மூத்த சகோதரியிடம் சொன்னதுதான் பிசகு. தம்பி வீட்டில் அவள் கேட்டு இல்லை என்ற பொருள் கிடையாது. கல்யாணத்திலும் சாவிலும் சீராக வைக்கும் முதல் பாய் அவளுக்கு. அவள் காதில் விழுந்த 'கூட்டிட்டுப் போயிடுங்க' வெறும் பேச்சாக நிற்காது. லூசியானேவுக்கு இது தெரியாததல்ல. பதினோரு வருஷம் இந்தக் குடும்பத்தில் அளந்து பேசியவள், வயிறு நிறைந்த மயக்கத்தில் ஒரே ஒரு தடவை நாக்கை அவிழ்த்துவிட்டாள்.

கலொலைனே சிரிக்கவில்லை. நாற்பத்துமூன்று வயது, பிள்ளை இல்லை. தூங்குகிற குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாய்ப்பால் மறந்துவிட்டானா என்று கேட்டாள். மறந்து நாலு மாசமாச்சு என்று லூசியானே சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை கலொலைனே தன் பெட்டியைத் திறந்து, தன் தாய் விட்டுப்போன பாயை எடுத்தாள். துணிபோல மெல்லிதாகப் பின்னிய பழைய பாய். அதை லூசியானேவின் மடியில் வைத்தாள். அண்ணி கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். லூசியானே வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் இது பிள்ளைக்கு ஈடு என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் கடற்கரைக்கு ஓடினாள். கணவன் ஃபெலெத்தி அங்கே படகுக் கொட்டகையில்தான் அந்த வாரம் படுத்திருந்தான். வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் உறங்குவது அந்தத் தீவுகளில் வழக்கமில்லை. அவன் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க அக்காகிட்டப் பேசுங்க."

"நான் எப்படிப் பேசறது? அவ இருக்கிற அறைக்குள்ள நான் கால் வெச்சே இருபது வருஷமாச்சு."

"அப்ப பையனைக் குடுத்துடறதா?"

"குடுத்தது நீதானே."

சொல்லிவிட்டு அவன் குனிந்துகொண்டான். போட்ட முடிச்சையே மறுபடி அவிழ்த்தான், மறுபடி போட்டான். திட்டலாம் என்று வந்தவளுக்கு அந்த விரல்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

இனித் தான்தான் ஏதாவது செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பொய்யைக் கட்டினாள். இது வெறும் சத்தமல்ல, ஏதோ நோய். இப்படியே போனால் நாலு வயதுக்குள் பல்லெல்லாம் தேய்ந்துவிடும், ஊரில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆகியிருக்கிறது என்றாள். அண்ணி பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பது கணக்கு. கலொலைனே பயந்தாள்தான். அந்த நிமிஷமே குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து முகம் மலர்ந்து திரும்பி வந்தாள். பல் நன்றாக இருக்கிறதாம். இந்த வயதில் நிறையக் குழந்தைகள் இப்படிக் கடிக்குமாம், பெரும்பாலும் வளர வளரத் தானே போய்விடுமாம். வழியெல்லாம் அவன் தன் தோளிலேயே தூங்கினான் என்பதை மூன்று தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை லூசியானே இன்னொன்று செய்து பார்த்தாள். மத்தியானம் குழந்தையை அண்ணியின் பக்கத்தில் கிடத்திவிட்டு வெளியே போய்விட்டாள். ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் காதுக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் யாருக்கும் தலை வலிக்கும். போதும் இவன் என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

கலொலைனே தூங்கவில்லை. முழங்கையை ஊன்றி, குழந்தையின் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவருகே ஆள் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை.

"என் வீட்ல பக்கத்துல ஒரு உயிர் தூங்குற சத்தமே கிடையாது லூசியானே. ராத்திரி முழிச்சா ஃப்ரிட்ஜ் ஓடுறது மட்டும்தான் கேக்கும்."

லூசியானே அங்கிருந்து நகர்ந்தாள். கிணற்றடியில் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். ஐந்து வயது மகள் சேலா வந்து, தம்பி சட்டையெல்லாம் ஏன் பெட்டிக்குள் போகிறது என்று கேட்டாள். லூசியானே அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். சேலாவும் ஒரு பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விமானம் இறங்கும்போது, ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் சாலையை அடைத்திருந்தார்கள். ஃபெலெத்தி அந்தத் தடுப்புக்கு அப்பாலேயே நின்றுவிட்டான். அக்காவுக்குக் காட்டும் மரியாதை அது. அன்றைக்கு அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. விடியுமுன் எழுப்பிய செமிசி அத்தையின் தோளில் மறுபடி உறங்கிப்போயிருந்தான். விமானப் படியேற இன்னும் பத்தடி. லூசியானே அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்."

லூசியானே பிடியை விடவில்லை.

"அன்னைக்கே தெரியும்" என்றாள் கலொலைனே. "உனக்கு வயசிருக்கு. இன்னொண்ணு பெத்துக்கலாம்."

அவள் திமிராகச் சொல்லியிருந்தால் லூசியானே பிள்ளையைப் பிடுங்கியிருப்பாள். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று இருந்திருப்பாள். ஆனால் கலொலைனே குரல் இறங்கித்தான் சொன்னாள். கேட்டதெல்லாம் கிடைக்கிற இடத்தில் பிறந்தவள், முதல்முறையாகப் பிச்சைக்காரிபோல நின்றாள். லூசியானேவின் கை தானாகத் தளர்ந்தது.

விமானத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தோளுக்கு மேல் தெரிந்த அந்தச் சின்னத் தாடை மட்டும் அசைந்து அசைந்து அரைப்பதை அவள் பார்த்தாள்.

ஞாயிறு வந்தது. ஃபெலெத்தி வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஜெபத்துக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தூங்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது. லூசியானே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. ஆறு நாள் அவள் தூங்கவில்லை. இனித் தூங்கலாம், தடுக்க யாருமில்லை.

அப்போது நறநறவென்று கேட்டது.

அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். தம்பியின் இடத்தில் சேலா படுத்திருந்தாள். கண்களை இறுக்க மூடி, இரண்டு கையையும் முட்டியாக மடக்கி, பல்லைக் கடித்து அரைத்துக்கொண்டிருந்தாள். இமைகள் படபடத்தன. தூக்கத்தில் அப்படிப் படபடக்காது.

பல் வலிக்கும்டி, நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஆனால் லூசியானே மகளின் பக்கம் திரும்பி மெல்லப் படுத்தாள். சத்தம் சரியாகவே இல்லை. செமிசி இவ்வளவு வேகமாக அரைக்க மாட்டான், நடுநடுவே ஒரு பெருமூச்சு விடுவான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேலாவுக்குத் தாடை ஓய்ந்தது. சத்தம் விட்டு விட்டு வந்தது. அம்மா தூங்கிவிட்டாளா என்று அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

லூசியானே சட்டென்று கண்களை மூடிக்கொண்டு, மூச்சைச் சீராக இழுத்து விட ஆரம்பித்தாள்.