யாக்கோப்பு வாங்கித் தின்ற பாண்

லண்டனின் செவன் கிங்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவொன்றில், யாக்கோப்பின் வீடு மட்டும் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து எண்ணூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவோடு பள்ளத்திலேயே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரைகள் ஒரே நேராகத்தான் ஓடுகின்றன. வாசலைத் தாண்டிக் காலை வைத்தவர்களுக்குத்தான் காது அடைக்கும், மூச்சு வாங்கும், மாடிப்படியில் பாதி வழியில் உட்கார வேண்டிவரும். அங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சோறு அவியாது, பருப்பு கல்லாகவே கிடக்கும். முறுக்குப் பக்கெற்றுகள் அலுமாரிக்குள் தலையணை போல ஊதிப்போயிருக்கும். வெளிநாட்டு மண்ணில் பல வருடம் கெஞ்சி வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஒரே வாரத்தில் கருகிப்போக, யாரும் நடாத உருளைக்கிழங்கு ஊதா நிறத்தில் பின்வளவெல்லாம் விளைந்தது.

இது யாக்கோப்பு பெருவுக்குப் போய்வந்ததால் ஏற்பட்டது. குருநகரில் பிறந்து, லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். ஓய்வுக்குப் பரிசாக எங்கேயாவது அனுப்பிவைக்க வேண்டும் என்று வால்தம்ஸ்டோவில் இருக்கும் மகள் அஜித்தா இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அவளுடைய போனில் ஒரு படம் வந்தது. அந்தீஸ் மலையில் வில்கபாட்டா என்றொரு சின்ன ஊர். வெள்ளைக் குதிரையில் ஏறிய புனித யாகப்பர் சுரூபத்தைச் சனங்கள் தோளில் சுமந்து போகிறார்கள். திருநாள் ஜூலை இருபத்தைந்து. யாக்கோப்பு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “இது எங்கட குருநகர் யாகப்பரெல்லோ பிள்ளை! குதிரையும் அதே குதிரை” என்றார். மனைவி பிலோமினம்மாவையும் கூப்பிட்டார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு. படி ஏறினாலே மூச்சு இழுக்கும், வாயில் பம்ப் அடிக்க வேண்டும். “எனக்கு மலையெல்லாம் ஏற ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ. வரேக்க ஒண்டும் கொண்டுவர வேண்டாம்” என்றார் பிலோமினம்மா. இதைப் பின்னால் அவர் பலமுறை நினைவூட்டியிருக்கிறார்.

யாக்கோப்பும் அஜித்தாவும் கிளம்பினார்கள். நகரத்திலிருந்து வில்கபாட்டாவுக்குப் போன பஸ்ஸில் யாக்கோப்பு முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு சாரதியையே பார்த்துவந்தார். ஒவ்வொரு வளைவிலும் சாரதி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டார். பயணம் முழுவதும் யாக்கோப்பு அவருக்காக இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே இருந்ததில், இறங்கும்போது வலது கால் வீங்கியிருந்தது. ஊர் மண் செங்கல் வீடுகளும் ஒரு சதுக்கமும் பெரிய கோயிலுமாக, வானத்துக்கு மிகக் கிட்ட இருந்தது. வெயில் சுட்டது, நிழல் குளிர்ந்தது. இரண்டுக்கும் இடையில் ஓர் அடி தூரம்தான். பெண்கள் உயரமான தொப்பிகளோடு நடந்தார்கள். தங்கிய விடுதியின் சொந்தக்காரி எர்மெலிந்தா கொடுத்த இலைத் தேநீர் முருங்கையிலை அவித்த தண்ணீர் போல இருந்தது என்று யாக்கோப்பு பின்னர் லண்டனில் தன் கோயில் பங்கில் எல்லோருக்கும் சொன்னார். முதல் நாள் முழுவதும் தலையிடியோடு படுத்துக்கிடந்தவர், இரண்டாம் நாள் எழுந்து, பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிய மொழியை அஜித்தா மெல்ல மெல்ல நினைவுக்குக் கொண்டுவர, ஊர் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். பேரம் பேசாமல் ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கினார்.

திருநாளன்று பூசை முடிந்து சுரூபம் சதுக்கத்தைச் சுற்றி வந்த பிறகு, ஒரு பெண் தட்டில் குதிரை வடிவில் சுட்ட பெரிய பாணொன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் யாருக்கு முன்னால் நின்றாளோ அவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினார்கள். யாக்கோப்புக்கு இது வெட்கமாகப் பட்டது. குருநகரில் திருநாட்பாண் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்ன மனிதரை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. புனிதரின் பேரால் நீட்டியதை மறுப்பது அவர் வளர்ந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அவர் முன்னால் போய் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, குதிரையின் தலையைக் கடித்தார். வாத்தியக்காரர்கள் உடனே முழங்கினார்கள், வெடி போட்டார்கள், ஆட்கள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். “நல்ல சனம். வந்தவனை எப்பிடி மதிக்குது பார்” என்றார் யாக்கோப்பு மேலேயிருந்து. அஜித்தா படம் எடுத்தாள். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு மூச்சு வாங்கவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிப் படுத்து எழுந்த காலையில், பிலோமினம்மா கட்டிலில் உட்கார்ந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். யாக்கோப்பு ஜன்னலைத் திறந்தார். அது பனிக்காற்றைக் கொண்டுவந்தது. மனைவியைத் தாங்கி வாசலுக்குக் கூட்டிப்போய் நடைபாதையில் நிறுத்தியவுடன் அவருக்கு மூச்சு சரியாக வந்தது. ஒரு கால் உள்ளே வைத்தால் முட்டியது, வெளியே எடுத்தால் விட்டது. அன்று பிற்பகலே அஜித்தா வந்து தாயை வால்தம்ஸ்டோவுக்குக் கூட்டிப்போனாள்.

விளக்கம் எர்மெலிந்தாவிடமிருந்து போனில் வந்தது. அந்தப் பாணை வாங்கித் தின்றவரே அடுத்த வருடத் திருநாளைச் சாப்பாடு போட்டு நடத்த வேண்டிய உபயகாரர். ஊரின் உயரம் அவரோடு போய், அவர் படுத்தெழும்பும் இடத்தில் தங்கி, அடுத்த திருநாளில் வேறொருவர் பாண் வாங்கும்வரை இருக்கும். தின்றவருக்கு மட்டும் அந்த உயரம் உடம்பில் தெரியாது. வழக்கமாக உபயகாரர்கள் அதே ஊர்க்காரர்கள் என்பதால் இதில் ஒருவருக்கும் சிரமம் வந்ததில்லை. “ஏன் அண்டைக்கே சொல்லேல்லை எண்டு கேள்” என்றார் யாக்கோப்பு. அஜித்தா கேட்டாள். இவ்வளவு ஆசையாக ஓடிவந்து வாங்கியவரிடம் என்னத்தைச் சொல்வது என்று எர்மெலிந்தா திருப்பிக் கேட்டாள்.

யாக்கோப்பு ஒரு முறை வால்தம்ஸ்டோவில் மனைவியோடு போய்த் தங்கிப் பார்த்தார். மறுநாள் அந்த மாடிக் கட்டடத்தில் மேலும் கீழும் இருந்தவர்கள் எல்லோருக்கும் தலையிடி. பிலோமினம்மா மகளின் காரிலிருந்து இறங்க மறுத்தார். ஆகவே யாக்கோப்பு தன் உயரத்தைத் தூக்கிக்கொண்டு செவன் கிங்ஸுக்குத் திரும்பினார். கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து கருவியால் அளந்தார். உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் வந்ததில் கருவியைத் தட்டிப் பார்த்தார், மூச்சு வாங்க அரை மணி உட்கார்ந்தார். கடைசியில், கூரை உயரவில்லை என்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இரண்டு பேர் வரவேற்பறையில் பயிற்சி செய்ய இடம் கேட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு இராஜேந்திரன் மட்டும், தன் வீட்டின் இந்தப்பக்கச் சுவர் குளிர்வதால் கோடையில் வசதி என்று சந்தோஷப்பட்டார்.

பிலோமினம்மா ஞாயிறுகளில் பூசை முடிந்து வந்து கேற்றுக்கு வெளியே நிற்பார். யாக்கோப்பு வாசற்படியில் நிற்பார். நாற்பது வருடத்துக்கு முன்னர் குருநகரில் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர்கள் இவ்வளவு தூரத்தில் நின்று பேசியதில்லை.

“என்ன சமைச்சனீங்கள்?”

“சோறு.”

“அவிஞ்சுதோ?”

“கடிச்சுத் தின்னலாம்.”

“இஞ்சேருங்கோ, பிரஷர் குக்கர் மேல்தட்டில கிடக்கு. எத்தினை தரம் சொல்லுறது?”

“நீர் வந்து எடுத்துத் தாருமன்.”

பிலோமினம்மா கேற்றில் கை வைப்பார், பிறகு எடுத்துவிடுவார். குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் உள்ளே வந்து பார்த்தார்; நடையிலேயே விழுந்து, அம்புலன்ஸில் ஏற்றவேண்டியதாயிற்று. அதன் பிறகு யாக்கோப்பு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டார். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார், கட்டிலில் மனைவியின் பக்கத்தை மடிப்புக் குலையாமல் வைத்திருந்தார், யாகப்பரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைத்தார்: திருநாளன்று யாராவது ஒருவர் பாணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருநாளுக்கு வில்கபாட்டாவுக்குப் போக வேண்டுமா என்று கேட்டபோது, தேவையில்லை, உயரம் எங்கேயோ ஊர் அங்கே வரும் என்றாள் எர்மெலிந்தா. ஆனால் எத்தனை பேர் வருவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்ற விவரம் அவளிடமிருந்து வரவில்லை. பங்குச் சனங்கள் தங்கள் பிரஷர் குக்கர்களையெல்லாம் கொண்டுவந்தார்கள். அது போதாதென்று இராஜேந்திரன் தன் வீட்டு அடுப்பில் சோற்றையும் கடலையையும் அவித்து வேலிக்கு மேலால் நீட்டினார். “யாக்கோப்பண்ணை, உங்கட சாமி, எங்கட அடுப்பு” என்றார் அவர்.

ஜூலை இருபத்தைந்து மதியத்தில் தோட்டக் கொட்டிலின் கதவு திறந்தது. முதலில் வாத்தியக்காரர்கள், பிறகு தொப்பி போட்ட பெண்கள், பிறகு வெள்ளைக் குதிரையில் யாகப்பர், கடைசியாக எர்மெலிந்தா, சப்பாத்தில் மலைத்தூசியோடு வந்தார்கள். பங்குக்காரர் தங்கள் யாகப்பரைத் தெருப்பக்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டு சுரூபங்களும் நேருக்கு நேர் நின்று மும்முறை தாழ்ந்து வணங்கின. பங்குத் தந்தை மூச்சு வாங்க வாங்க ஆசீர்வதித்தார். வந்தவர்கள் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் போட்டுத் தின்றார்கள், உறைப்புக்குக் கண்ணீர் விட்டார்கள். லண்டனைப் பார்க்கலாம் என்று கேற்றைத் தாண்டிய இளைஞர்கள் இருவர், காற்று களி போலக் கனமாயிருக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பிறகு பாண் வந்தது. அதே பெண், அதே தட்டு. பங்கில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவள் போன இடமெல்லாம் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. லூர்தம்மா கைப்பையைத் துழாவினார். செல்வரத்தினம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது அவருடைய குழந்தையும் அல்ல. இராஜேந்திரன் வேலிக்குக் கீழே குனிந்துவிட்டார். யாக்கோப்பு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தக் குதிரைப்பாணை ஒருவர் வாங்கினால் மனைவி இன்றைக்கே வீட்டுக்கு வருவார். ஆனால் யாரைப் பார்த்து வாங்கு என்று சொல்வது? எவருடைய வீட்டிலும் ஒரு தொய்வுக்காரரோ ஒரு நெஞ்சு வருத்தக்காரரோ இருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் வாங்காவிட்டால் உபயம் அவருக்கே திரும்பும்.

அப்போதுதான் கேற்று திறந்த சத்தம் கேட்டது. பிலோமினம்மா பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டு நடை வழியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு, நின்று நின்று வந்தார். அஜித்தா ஓடினாள், அவளைக் கையால் விலக்கினார். தட்டுக்கு முன்னால் வந்தபோது அவருடைய உதடு நீலமாயிருந்தது. பம்பை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பாணை வாங்கி, கண்ணில் ஒற்றி, குதிரையின் தலையைக் கடித்தார். முதல் வாயை விழுங்கினார். பிறகு நிமிர்ந்து, வாழ்நாளில் எடுக்காத அளவுக்கு நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். வாத்தியம் முழங்கியது.

“அம்மா, தெரிஞ்சோ வாங்கினீங்கள்?” என்று அஜித்தா கத்தினாள்.

“தெரியாமல் வாங்கிறதுக்கு நான் என்ன உங்கட அப்பாவே?” என்றார் பிலோமினம்மா. “திண்ட ஆளுக்கு முட்டாது எண்டு அந்த மனுசி போனிலயே சொன்னது. ஒரு வரியமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், உங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை.” மீதிப் பாணை வாயில் வைத்துக்கொண்டே அவர் நேராகக் குசினிக்குள் போய், மேல்தட்டிலிருந்து பிரஷர் குக்கரை இறக்கினார்.

மறுநாள் காலையில் யாக்கோப்புக்குத்தான் மூச்சு வாங்கியது. ஆனால் உடம்பு ஒரு வருடமாய் மலையில் இருந்ததால் அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மாடிப்படியில் பாதி வழியில் ஒரு தரம் நின்றால் போதும். மேல்படியில் பிலோமினம்மா காத்திருந்து, “மெல்ல வாங்கோ, ஆர் துரத்துறது?” என்று கேட்பார். இப்போதெல்லாம், மற்றவருக்கும் ஒரு வருடம் சுகமாய் மூச்சு வரட்டும் என்று, அவர்கள் பாணை ஒருவர் விட்டு ஒருவர் வாங்குகிறார்கள். தனக்கு முறையில்லாத வருடங்களில் பிலோமினம்மா மெல்ல நடக்கிறார், ஒரு வருடம் மலையில் பழகிய உடம்பால் சமாளிக்கிறார். ஜூலையில் கொட்டில் கதவுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறார்கள். ஊதா உருளைக்கிழங்கு தெரு முழுவதும் போகிறது. தபால்காரருக்காக வாசற்படியில் ஒரு கதிரை போட்டிருக்கிறது; அவர் இளைப்பாறும்வரை பிலோமினம்மா தேத்தண்ணி கொடுப்பார். அந்த உயரத்தில் தேத்தண்ணி அவ்வளவு சுடாது என்பதால், ஊதாமலே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.