பதினான்காவது ராடு

திருச்செங்கோட்டில் ஆங்கிலப் பயிற்சி மையம் நடத்தும் வெங்கடாசலம், தன் பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று தானே போட்டுக்கொண்டவர். ‘பிக் அப்’ என்பதற்கு ஆங்கிலத்திலேயே பதினான்கு பொருள் எழுதி, ஃபிளெக்ஸ் அடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். எழுத்தைவிட அவர் படம் பெரிது.

ஆசிரியை வேலை கேட்டு வந்த கோகிலவாணிக்கு இன்று சோதனை வகுப்பு. பதினான்கையும் ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் சொன்னால் வேலை. இல்லையென்றால் மறுபடி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான். மாணவர்கள், கென்யாவுக்குப் போர்வெல் போடப் போகும் ரிக் வண்டிக்காரர்கள் எட்டுப் பேர். பத்தாவது நிமிடத்தில் ஏழு பேர் தூங்கிவிட்டார்கள்.

“ஏனுங்க மேடம், இத்தனையும் மனப்பாடம் பண்ணோணுமுங்களா?” என்றார் எட்டாவது ஆளான காளிதாஸ்.

“வேண்டாமுங்க. ராடு எறக்கற மாதிரி ஒண்ணொண்ணா எறக்கலாம். ஒண்ணு சொன்னா ஒரு கோடு.”

துளைக்குள் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வண்டியில் சாக்பீஸ் கோடு போடுவது அவர்கள் வழக்கம். முதல் கோட்டிலேயே தூக்கம் கலைந்தது.

“கீழ கெடக்கற ஸ்பானரை எடுக்கறது!”

“ஆத்தூர்ல ஆளை ஏத்திக்கறது!”

“வண்டி வேகம் புடிக்கறது!”

“மழை இல்லீன்னா நம்ம தொழில் சூடு புடிக்கறது!”

“அடப்பாவி!”

“ஆந்திராவுல நான் தெலுங்கு கேட்டே கத்துக்கிட்டது!”

“அங்கியே சளி புடிச்சுக்கிட்டது!”

பதின்மூன்று கோடு விழுந்தது. பதினான்காவது யாருக்கும் வரவில்லை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “ஒன்று பாக்கி. விதி விதிதான்.”

காளிதாஸ் எழுந்தார். “பதிமூணுலயே தண்ணி வந்துருச்சுங்க. நிறுத்தறதா, இன்னும் ஓட்டறதான்னு போர் போடச் சொன்ன தோட்டக்காரரு பக்கத்துல நின்னு பார்த்துச் சொல்லோணும். இங்க தோட்டக்காரரு நீங்கதானுங்க.”

வெங்கடாசலம் பெருமிதத்தோடு ஃபிளெக்ஸ் அருகே போய் நின்றார். பதினான்காவதைப் படித்தார். மறுபடி படித்தார். இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் இதுவரை தன்னையே கேட்டதில்லை.

“ஓட்டலாமுங்களா, சாமி?”

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “போதும்,” என்றார்.

“போதும்னுட்டாரு!” விசில் பறந்தது. “தண்ணி வந்தா தோட்டக்காரரு கறிச்சோறு போடோணுமுங்க!”

“திங்கட்கிழமை வந்துருங்கம்மா,” என்று கோகிலவாணியிடம் முணுமுணுத்துவிட்டு, பேராசிரியர் பிரியாணிக்குத் தலை எண்ண ஆரம்பித்தார்.

“எனக்கு லெக் பீஸுங்க சார்,” என்றாள் புதிய ஆசிரியை.