பின்பக்கம் பெருத்த பெட்டி

மூன்று நாளில் எழுபது பெட்டி வரைந்தேன். எழுபதும் உருப்படவில்லை.

இருபத்திரண்டு வருடமாகத் தச்சுவேலை செய்கிறவனுக்கு ஒரு பெட்டி வரையத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஸ்கேலும் மூலைமட்டமும் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வரைகிறேன். எங்கள் பட்டறை மாடியில், டிசைன் பிரிவில் காலியான வேலைக்கு இரண்டும் கூடாதாம். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து, அவர் கேட்கும் அலமாரியை வெறுங்கையால் வரைந்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை. மரத்தூள் நெஞ்சில் படிந்துவிட்டது, இனி அறுக்கும் இடத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் பிழைப்பேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். உட்காருவேன், எழுந்து ஜன்னல் வரை போவேன், திரும்பி வந்து பென்சிலைச் சீவுவேன். சீவிச் சீவிப் பென்சில் பாதியானதுதான் மிச்சம். எந்தக் கோடும் ஒரே கோடாக வரவில்லை. தயங்கித் தயங்கிக் கீறியதில் எல்லாக் கோட்டிலும் மயிர் முளைத்திருந்தது.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, பெட்டியா, கம்பளிப்பூச்சியா?"

"உன் வேலையைப் பாரு."

"பென்சில் முனையையே முறைச்சுப் பாத்தா கோடு எப்படி வரும்? நான் துணியில சாக்பீஸ் இழுக்கறப்ப, கோடு போய்ச் சேர்ற இடத்தைத்தான் பாப்பேன். கை தானா போகும்."

எரிச்சலாக வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல். இரண்டு புள்ளி வைத்தேன். தாளைத் தொடாமல் மேலேயே இரண்டு தடவை கையை ஓட்டிப் பார்த்தேன். பிறகு மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஒரே இழுப்பு. கோடு சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் பெட்டி பெட்டியாக வரவில்லை. பின்பக்கம் பெருத்துக்கொண்டு நின்றது.

"தள்ளிப் போகப் போகச் சின்னதாத் தெரியணும்ல?" என்றாள்.

"முன்னாடி அறுபது சென்டிமீட்டர்னா பின்னாடியும் அறுபதுதான். எவன் குறைச்சு அறுப்பான்?"

"அறுக்கவா சொன்னாங்க? வரையத்தானே சொன்னாங்க!"

என் கோளாறு அதுதான். இத்தனை வருடமாகக் கோடுகளை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் என் தொழில். நெருங்கினால் கதவு மூடாது, இழுப்பறை சிக்கிக்கொள்ளும். அந்தக் கோடுகளை நானே கூட்டிப்போய்த் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்க்க வேண்டுமாம். பொய்ச் சாட்சி சொல்லப் போகிறவனைப் போல மனம் கூசியது. கூசிக்கொண்டே இருட்டும்வரை வரைந்தேன்.

மறுநாள் மாடியில் டிசைனர் அம்மா கொடுத்த கணக்கு, அடுக்கி வைத்த மூன்று பெட்டி. கண்மட்டத்தில் ஒரு கோடு போட்டேன், பக்கக் கோடுகள் போய்ச் சேர அதன் இரு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். கீழே ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. போய்ச் சேரும் புள்ளியை மட்டும் பார்த்து இழுத்தேன். கோடுகள் சொன்னபடி கேட்டன.

தாளை வாங்கியவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"அளவு போடச் சொல்லலையே? முன்னாடி அறுபதுன்னு எழுதியிருக்கீங்க. பின்னாடி இந்தச் சின்னக் கோட்டுக்கும் அறுபதா?"

எப்போது எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"பார்வைக்குத்தாங்க அது சின்னது. பலகை அறுபதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். "கோடு நல்லா இருக்கு. நாளையிலேர்ந்து மாடிக்கு வந்துடுங்க. அளவையும் எழுதுங்க, கீழ அறுக்கறவங்களுக்கு உதவும்."

படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். அவள் "என்னாச்சுங்க?" என்றாள். எனக்கு விசும்பல்தான் வந்தது.

"மறுபடி இருமலா? அப்படியே உக்காருங்க. தண்ணி குடிங்க."

"இருமல் இல்ல," என்றேன். "அழறேன். கிடைச்சிடுச்சு."

அதற்கப்புறம் அந்தப் பக்கமும் விசும்பல் கேட்டது.